பெயர் மறைத்த கம்பெனி

"வேலை கிடைச்சா எனக்கு என்னடி தருவே?" என்று கேட்டுக்கொண்டேதான் அக்கா, வேலை தேடும் இணையதளத்தில் தங்கையின் விண்ணப்பத்தை நிரப்பினாள்.

"கம்பெனி பேரையே மறைச்சிருக்காங்களேக்கா?"

"சிலர் அப்படித்தான் போடுவாங்க. அனுப்புடி, பயந்தாங்கொள்ளி!"

ஞாயிற்றுக்கிழமை திடீரென்று நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். போய்வந்த தங்கைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"கிடைக்கலையா? போனா போகுது, விடு."

"கிடைச்சிடுச்சுக்கா. கையெழுத்தும் போட்டுட்டேன்."

"அப்புறம் ஏன்டி இழவு விழுந்த மாதிரி மூஞ்சி?"

தங்கை தரையைப் பார்த்தாள். "நான் உட்காரப்போற இடத்தைக் காட்டினாங்க. நாற்காலியில, நீ ஆபீஸ்ல போர்த்திக்கிற நீலச் சால்வை கிடந்துச்சு. அதைப் பார்த்த பிறகுதான்க்கா கையெழுத்துப் போட்டேன்."

அக்கா கைப்பையிலிருந்து தன் ஆபீஸ் சாவியை எடுத்தாள். தங்கையின் தட்டருகே அதை வைத்துவிட்டு வெளியே போனாள்.