காட்டெருமையும் கன்றும்

“இப்படியாம்மா பிய்க்கிறது? பிளேடு வச்சு ஒவ்வொரு தையலா அறுத்து எடுக்கணும். சட்டைத் துணியோட சேர்த்துப் பிச்சு வச்சிருக்கீங்களே” என்றார், ராணுவச் சின்னங்கள் தைத்துத் தரும் கடையின் டிசைனர்.

மேசை மேல் உள்ளங்கை அளவில் ஒரு ராணுவச் சின்னம் கிடந்தது. சட்டைத் தோளில் தைப்பது. கீழ்ப்பக்கம் நூல் நூலாகப் பிரிந்து தொங்கியது, அதோடு ஒரு துண்டு பச்சைத் துணியும். கொண்டுவந்த அம்மாள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“புதுசு வேணும்னா அடையாள அட்டை காட்டணும். யாருக்கும் சும்மா தர மாட்டேன்.”

“வேண்டாம் சார். இது என்னன்னு சொன்னாப் போதும்.”

கரும்பு தின்னக் கூலி கேட்பாரா டிசைனர்? ஓடிக்கொண்டிருந்த எம்பிராய்டரி மெஷினை நிறுத்திவிட்டு, விளக்கை அருகில் இழுத்தார்.

“இது நானே வரைஞ்சதும்மா. காட்டெருமை. அதிகாரிங்க எல்லாரும் சிங்கம் வேணும், கழுகு வேணும்னாங்க. எருமை மாட்டு மேல மழை பேஞ்ச மாதிரின்னு ஊரே கேலி பண்ணும்னு ஒரு மேஜர் சண்டைக்கே வந்துட்டார். நான் விடலை. அதுக்குப் பின்னால என்ன தெரியுது, பாருங்க.”

“கன்னுக்குட்டி.”

“விஷயமே அதுதான். சிங்கம் தன் வயித்துக்காகப் பாயும். எருமை கன்னைப் பின்னால நிறுத்திட்டுத்தான் கொம்பைத் தாழ்த்தும். எளியவங்களைத் தொடணும்னா எங்களைத் தாண்டித்தான் தொடணும்னு அர்த்தம். இதைக் கேட்டதும் அந்த மேஜரே எழுந்து வந்து கை கொடுத்தார்.”

அந்த அம்மாள் தலையை மட்டும் ஆட்டினாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. எருமை மேல் மழை பெய்வது என்பது இதுதான் போலிருக்கிறது என்று டிசைனருக்கு லேசான கடுப்பு.

“எந்த அணின்னு இதுல தெரியுமா சார்?”

டிசைனர் சட்டென்று கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். இந்தச் சின்னத்துக்குரிய பட்டாலியனில் நாலு அணி. எருமையின் காலடியில் எத்தனை புல் என்பதுதான் அணியின் அடையாளம். தூரத்திலிருந்து பார்ப்பவனுக்கு எல்லாம் ஒன்றுபோலத் தெரிய வேண்டும் என்று அவரே யோசித்துச் செய்த ஏற்பாடு. வெளியாளிடம் சொன்னது தெரிந்தால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

“அதை மட்டும் கேட்காதீங்கம்மா.”

“எங்களுக்குக் கிடைச்சது இது ஒண்ணுதான் சார். முகாம் வாசல்ல உள்ளேயே விடலை. ஸ்டேஷன்ல தெரியாதுங்கிறாங்க. பெரிய ஆபீஸ்லயும் தெரியாதுங்கிறாங்க.”

அவள் அழவில்லை. வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் ஒரே குரலில் சொல்லி முடித்தாள். அழுகையெல்லாம் தீர்ந்து மரத்துப் போனவளின் குரல் அது.

டிசைனருக்கு மனசு கேட்கவில்லை. ராணுவத்துக்குப் போன பிள்ளை திரும்பாமல், சட்டையும் சின்னமுமாக அலைகிற தாய்மார்களை அவர் பார்த்திருக்கிறார். ஒருத்தருக்குக்கூட அவரால் ஒன்றும் செய்ய முடிந்ததில்லை. அந்த வருத்தம் அவருக்கு உண்டு.

புல் இருந்த இடத்தில் நூலே இல்லை. சின்னத்தைத் திருப்பிப் போட்டு, பூதக்கண்ணாடி வைத்து ஊசித் துளைகளைப் பார்த்தார்.

“நான் சொன்னேன்னு வெளிய சொல்லிடாதீங்க. மூணு புல்லு. மூணாவது அணி.”

சொன்ன கையோடு அவருக்கு ஒன்று நினைவுக்கு வந்தது.

“அட, இருங்க. போன வாரம் அந்த அணியிலிருந்து ஒருத்தர் வந்தாரே. முள்வேலியில மாட்டிப் பிஞ்சுபோச்சுன்னு புதுச் சின்னம் தைச்சுக்கிட்டார். சட்டையிலயும் துணி போயிருந்தது, நான்தான் ஒட்டுப் போட்டேன். இந்தத் துண்டு அந்தக் கிழிசல்ல அப்படியே பொருந்தும்மா.”

அந்த அம்மாள் முதல்முறையாக நாற்காலியில் முன்னால் நகர்ந்தாள்.

“ஆள் எப்படி சார் இருந்தார்?”

“நல்ல உயரம். சிரிச்சுச் சிரிச்சுப் பேசினார். கன்னத்துல முள்ளு கீறினதுதான் இன்னும் ஆறலை. மத்தபடி ஒரு குறையும் இல்லை. பேருகூடச் சட்டையில போட்டிருந்ததே.”

பேரைச் சொன்னார். அவள் உதடு அசையாமல் அதை ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டதுபோல் இருந்தது.

டிசைனருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒரு தாய்க்கு நல்ல சேதி சொல்கிற பாக்கியம் இத்தனை வருஷத்தில் இன்றைக்குத்தான் அவருக்கு வாய்த்திருக்கிறது.

“இனிமே எதுக்கும்மா கவலை? உங்க பையன் உயிரோட நல்லா இருக்கான். இங்கதான் முகாம்ல இருக்கான். பேரு சரிதானே?”

அவள் சின்னத்தை எடுத்துப் பைக்குள் பத்திரமாக வைத்து, பையை மூடினாள். மெதுவாக எழுந்து நின்றாள்.

“எனக்குப் பையன் இல்ல சார். செத்துக்கிடந்த என் பொண்ணோட விரலைப் பிரிச்சு இதை எடுத்தோம்.”