இசோபே கடித்த திருப்புளி

'டொக், டொக், டொக்' என்று தட்டிக்கொண்டே வந்து நின்றது பைக். பட்டறை வாசலில் போட்டிருந்த இரும்புத் தகடும் சேர்ந்து அதிர்ந்தது.

கசுயோ எஞ்சினை அணைக்கவில்லை. அணைத்தால் மறுபடி உயிர் வருமோ வராதோ என்று பயம்.

தொலைதூரப் பயணத்துக்கென்றே செய்த கனத்த வண்டி. முப்பது வருடம் ஆகிறது. இரண்டு பக்கமும் பெட்டி. இடது பெட்டிக்குள், நாளைக் காலை பழைய இரும்பு லாரிக்காரனிடம் கொடுக்க வேண்டிய காகிதம் இருந்தது. கையெழுத்துக்குப் பதிலாக அவள் தன் முத்திரையைக் குத்துவது ஒன்றுதான் பாக்கி.

"உள்ள கிராங்க் பேரிங் போயிடுச்சும்மா. அந்தச் சாமான் இனிமே எங்கயும் கிடைக்காது. எடைக்குப் போட்டுடுங்க" என்று நகரத்துக் கடைக்காரன் சொல்லிவிட்டான்.

வாரத்தில் ஆறு நாள் சிப்பி உரிக்கும் ஆலையில் கை விறைக்க நிற்கிறவள் கசுயோ. பனி உருகியபின் வரும் ஞாயிறுகளில் இந்த வண்டியில் ஏறிக் கடலோரமாகப் போவாள். அந்த ஞாயிறுகளுக்காகத்தான் மற்ற ஆறு நாளும்.

மெக்கானிக் இசோபே முதுகைக் காட்டிக்கொண்டு வேறொரு வண்டியில் குனிந்திருந்தார்.

"ஐயா, தொந்தரவுக்கு மன்னிக்கணும். இந்தச் சத்தத்தக் கொஞ்சம் பாக்கணும்."

முதுகு திரும்பவில்லை.

கசுயோவுக்குக் கோபம் வரவில்லை. கைத்தொழில் தெரிந்த பெரிய மனிதர்கள் இப்படித்தான். அவள் ஊரில் நூடுல்ஸ் கடைக்காரர் ஒருவர் இருக்கிறார். வந்தவர்களை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். அவர் எவ்வளவுக்கு உம்மென்று இருக்கிறாரோ அவ்வளவுக்கு வரிசை நீளும்.

அதனால் இன்னும் கொஞ்சம் குனிந்து, இன்னும் கொஞ்சம் பணிவாக, மறுபடி மன்னிப்புக் கேட்டாள். மூன்றாவது முறையும் கேட்டாள்.

உள்ளேயிருந்து தேநீரோடு வந்த அவர் மனைவி சிரித்துவிட்டாள். "அந்த முதுகுகிட்டப் பேசியே எனக்கு நாப்பது வருசம் போச்சு. நீ வேற ஏம்மா!"

அவர் தோளில் இரண்டு தட்டுத் தட்டினாள். இசோபே திரும்பினார்.

ஒரு வார்த்தை கேட்கவில்லை. மண்டியிட்டு, உள்ளங்கையை எஞ்சின் மூடிமேல் வைத்தார். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுவதுபோல ஒவ்வோர் இடமாகத் தொட்டுப் போனார்.

பிறகு நீளமான திருப்புளி ஒன்றை எடுத்தார். முனையை எஞ்சினில் ஊன்றினார். நகரத்துக் கடைக்காரனும் இப்படித்தான் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்டிருந்தான். இவர் பல்லால் கடித்துக்கொண்டு கண்ணை மூடினார்.

பெரிய தொழில்காரர்களுக்குக் காது போதாது போலிருக்கிறது என்று நினைத்தாள் கசுயோ.

துறைமுகத்தில் படகுகளை எச்சரிக்கும் மூடுபனிச் சங்கு அலறியது. அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். இசோபேயின் இமைகூட அசையவில்லை. தவத்தில் இருப்பவர்போல் இருந்தார்.

கண்ணைத் திறக்காமலே கையை நீட்டி, கிளட்சைப் பிடி என்று சைகை காட்டினார்.

பிடித்தாள். தட்டல் நின்றது.

விட்டாள். டொக், டொக்.

பிடித்தாள். நின்றது.

திருப்புளியைக் கடித்தபடியே இசோபே சிரித்தார். எண்ணெய் பிசுக்கேறிய விரல்களால் காற்றில் ஏதோ வரைந்தார். மனைவிதான் சொன்னாள்:

"கிராங்க் நல்லா இருக்காம். நாலு கார்புரேட்டரும் ஒரு படகுல ஏறின அண்ணன் தம்பிக மாதிரி ஆளுக்கொரு பக்கம் துடுப்புப் போடுதாம். நடுவுல கிளட்ச்தான் கிடந்து குலுங்குதாம்."

கார்புரேட்டருக்கு ஒன்றாக நான்கு குழாய் மாட்டி, நான்கு வட்ட அளவுமானிகளைத் தொங்கவிட்டார். நான்கு முட்களும் நான்கு விதமாகத் துடித்தன. ஒரு கை எஞ்சின்மேல் கிடக்க, மறு கையால் திருகாணிகளை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார்.

முட்களைப் பார்த்தது கசுயோ மட்டும்தான். அவர் கண் மூடியே இருந்தது.

முதலில் இரண்டு முட்கள் சேர்ந்தன. அப்புறம் மூன்றாவது. நான்காவது கொஞ்சம் முரண்டு பிடித்துவிட்டு, மற்ற மூன்றின் பக்கத்தில் வந்து நின்றது.

தட்டல் அடங்கியது. தூங்குகிறவரின் மூச்சுபோல ஒரே சீரான சத்தம் மட்டும் மிஞ்சியது.

கசுயோ இடது பெட்டியைத் திறந்து காகிதத்தை எடுத்தாள். இரண்டாகக் கிழித்தாள். நாலாகக் கிழித்தாள்.

விடைபெற்றுச் சாலைக்கு வந்ததும் ஹாரனை இரண்டு முறை குட்டியாக அழுத்தினாள். நன்றி சொல்ல அதுதான் வழக்கம். வாசல் தகட்டில் சாலைக்கு முதுகைக் காட்டி நின்று இசோபே கை துடைத்துக்கொண்டிருந்தார். ஐந்தடி தூரம்கூட இல்லை.

முதுகு திரும்பவில்லை.

இன்னொரு முறை, நீளமாக அழுத்தினாள்.

கண்ணாடியில் பார்த்தாள். மனைவி ஓடி வந்து அவர் தோளில் இரண்டு தட்டுத் தட்டி, சாலையைக் காட்டினாள். அப்போதுதான் அவர் சட்டென்று திரும்பி, பெரிய தப்புச் செய்துவிட்டவர்போல இடுப்பு வளையக் குனிந்தார்.

கசுயோவின் கால் தானாக பிரேக்கை மிதித்தது.

ஹாரனும் சரி, மூடுபனிச் சங்கும் சரி, அவளுடைய மூன்று மன்னிப்பும் சரி, எதுவும் அந்தக் காதுகளுக்குள் போகவே இல்லை.

வண்டியைத் திருப்பினாள். அவர் நின்ற அதே இரும்புத் தகட்டின்மேல் ஏற்றி, எஞ்சினை ஓடவிட்டபடி நின்றாள். தகடு மெல்ல அதிர்ந்தது.

இசோபே குனிந்து தன் கால்களைப் பார்த்தார்.

பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.