மணி அடித்தால் வேறு உலகம்

"என்னைக் கட்டிக்கிறியா?" என்று கேட்டான் ரொனால்டு.

பிரிஸ்கில்லா தலையைக் குனிந்து சிரித்தாள். "சம்மதம்" என்றாள்.

மணி அடித்தது. இருவரும் சிரிப்பைத் துடைத்துவிட்டு மேடையின் இரண்டு ஓரங்களுக்கும் திரும்ப நடந்தார்கள்.

"ம், இப்பச் சரியாச் சொல்லு" என்றார் மணி அடித்த ராயப்பராஜ்.

அவர் பிரிஸ்கில்லாவின் அப்பா, ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். பிள்ளைகள் ஒப்பிக்கையில் தப்பு விட்டால் மேசை மணியைத் தட்டி, இதே வார்த்தையைச் சொல்லி, முதலிலிருந்து ஆரம்பிக்க வைப்பார். இப்போது கையில் இருந்தது பூசை மணி. நாடகத்துக்காகச் சாமியாரிடம் கேட்டு வாங்கி வந்திருந்தார்.

"மாமா, மணியோட நிறுத்திக்கங்க. அந்த வசனம் நாடகத்துல இல்ல" என்றான் ரொனால்டு.

"பழக்க தோசம் மாப்ள, வாயி சும்மா இருக்க மாட்டேங்குது. அது சரி, மணி அடிச்சா அதுக்கு முன்னாடி பேசுனதெல்லாம் என்னாகும்?"

"அது வேற உலகத்துக்குப் போயிரும். இந்த உலகத்துல யாரும் அதைப் பேசவே இல்லைன்னு அர்த்தம்."

"அடேங்கப்பா, நல்ல வசதியால்ல இருக்கு!"

ரொனால்டு திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறான். மாதா கோவில் திருவிழாவுக்காக அவன் எழுதிய காதல் நாடகம் இது. ஒரே ஆண், ஒரே பெண், பல உலகங்கள். ஒன்றில் செம்பட்டி பஸ் ஸ்டாப்பில் பார்த்துக்கொள்கிறார்கள், இன்னொன்றில் வத்தலக்குண்டு சந்தையில். எந்த உலகமானாலும் அவன் கேட்பான், அவள் சம்மதிப்பாள்.

ஒத்திகை பார்க்க வந்தவர்களெல்லாம் கண்ணைச் சிமிட்டினார்கள். நிஜத்திலும் அதுதான் நடக்கவிருந்தது. வருகிற ஞாயிறு பூசையில் இருவருக்கும் கல்யாணம் என்று ஊருக்கு அறிவிக்கும் ஓலையை வாசித்துவிடுவார்கள். அதற்குப் பிறகு ஊரில் யாரும் பின்வாங்கியதில்லை.

ரொனால்டு ராயப்பராஜ் வீட்டுக்குப் புது மாப்பிள்ளை அல்ல. மூத்த மகள் அல்போன்சாவின் கணவன். சிறுமலை இறக்கத்தில் வேன் கவிழ்ந்து அவள் போய்ச் சேர்ந்தாள். ஏதோ ஓர் உலகத்தில் அந்த வேனைத் தவறவிட்டிருப்பாள். அந்த உலகத்துக்கு இங்கிருந்து பஸ் இல்லை.

"கைக்குழந்தைய வச்சிக்கிட்டு என்ன பண்ணுவாரு? கூடப்பொறந்தவ இருக்கையில வெளிய எதுக்குத் தேடணும்?" என்றது குடும்பம். ரொனால்டு வாயே திறக்கவில்லை. அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டார்கள்.

ஒத்திகை முடிந்து திரையைச் சுருட்டும் சாக்கில் பிரிஸ்கில்லா அருகில் வந்தாள்.

"மச்சான், கடைசி உலகத்துல நான் நெசத்தைச் சொல்லிருவேன். நீங்க பின்வாங்கிற மாட்டீங்கள்ல?"

"மாட்டேன்."

"வீட்ல எத்தனை தடவை அழுதுட்டேன். அக்காவ நெனச்சு அழுகுறேன்னு அவங்களே சொல்லிக்கிறாங்க. சாமியார்ட்ட தனியாப் போய்ச் சொன்னாலும் அப்பா பேசிச் சமாளிச்சிருவாரு."

"ஊரு முன்னாடி சொல்லிட்டா சமாளிக்க முடியாது. சாமியார் முன்வரிசைலதான் இருப்பாரு. பொண்ணுக்கு இஷ்டமில்லைன்னு காதுல விழுந்துட்டா ஓலை வாசிக்க மாட்டாரு." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னான். "கடைசி உலகத்துக்கு மணி கிடையாது பிரிஸ்கி. அங்க சொன்னது சொன்னதுதான்."

திருவிழா அன்று மாலை மண்டபம் நிறைந்திருந்தது. மேடை ஓரம் நாற்காலி போட்டு, மணியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார் ராயப்பராஜ். ரொனால்டு பார்க்கும்போதெல்லாம் வாயைப் பொத்திக் காட்டினார். சொன்னபடியே மணியை மட்டும் அடித்தார்.

"ஏலே, இந்தப் புள்ள இன்னும் எத்தனை பஸ்ஸைத்தான் விடும்!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்த, கூட்டம் சிரித்தது.

கடைசி உலகம் வந்தது.

"என்னைக் கட்டிக்கிறியா?"

பிரிஸ்கில்லா தலை குனியவில்லை. சிரிக்கவும் இல்லை. மேடையின் முன்னால் வந்து நின்றாள்.

"முடியாது மச்சான். அக்கா இடத்துல என்னால நிக்க முடியாது." ராயப்பராஜ் பக்கம் திரும்பினாள். "அப்பா, இது நாடகம் இல்லப்பா. எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்."

ரொனால்டு அவள் பக்கத்தில் போய் நின்றான். "எனக்கும் வேணாம் மாமா" என்றான்.

முன்வரிசையில் சாமியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். எல்லார் முகமும் மேடை ஓரத்துக்குத் திரும்பியது.

ராயப்பராஜின் முகம் வெளுத்திருந்தது. மகளைப் பார்த்தார், மருமகனைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்பது ரொனால்டுக்குத் தெரிந்தது. மூச்சு விட்டான்.

அப்போது மணி அடித்தது.

"அட, நாடகம்தானப்பா!" என்று யாரோ சொன்னார்கள். கூட்டம் சிரித்தது. கைதட்டல் மண்டபத்தைத் தூக்கியது. சாமியாரும் நாற்காலியில் சாய்ந்துகொண்டு கை தட்டினார்.

சத்தம் அடங்கும்வரை ராயப்பராஜ் பொறுமையாகக் காத்திருந்தார். பிறகு மகளைப் பார்த்து, எப்போதும் போல அன்பாகச் சொன்னார்:

"ம், இப்பச் சரியாச் சொல்லு."