வளைவில் போட்ட ஜல்லி

ஜல்லியைத் திருடுகிறவனைப் பார்த்திருக்கிறீர்களா? லாங் மவுண்டன் என்கிற இந்த ஊரில் எனக்கு அந்தப் பாக்கியம் கிடைத்தது.

பின்னலாடை மில்லில் மெஷின்களுக்கு நான் மெக்கானிக். நானும் என் மனைவி வாசுகியும் திருப்பூரை விட்டு மொரீஷியஸ் வந்து வருஷம்கூட ஆகவில்லை. வாரம் ஆறு நாள் மெஷினோடு மல்லுக்கட்டு. ஞாயிறு மட்டும் மலைப்பாதையில் சைக்கிள்.

ஓட்டுவது ஐந்து பேர். பாதையைப் பழுது பார்ப்பதும் அதே ஐந்து பேர்தான். கூலி கிடையாது, செய்யச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை. மழைத் தண்ணீருக்கு வாய்க்கால் வெட்டுவோம், பள்ளத்தில் மண் போட்டு மிதிப்போம்.

அதில் ஒரு பொல்லாத வளைவு. போன ஜூலையில் அங்கே வழுக்கி விழுந்துதான் என் காறை எலும்பு முறிந்தது. இன்னொருத்தன் அங்கே விழக்கூடாது என்று எனக்கு ஒரே பிடிவாதம்.

ஜனவரி பிறந்ததும் கீ என்கிற லாரிக்காரரைப் பிடித்து ஒரு லோடு கருங்கல் ஜல்லி வரவழைத்தேன். கீ இந்த ஊர்க்காரர்.

"இப்பவே போடணுமா? அடுத்த மாசம் போடலாமே" என்று இழுத்தார்.

"மழை உங்களைக் கேட்டுக்கிட்டா வரும்?" என்றேன். கொட்டிவிட்டுப் போனார்.

பாண்டு பாண்டாகச் சுமந்து வளைவு முழுக்கப் பரப்பினோம். முதுகு விட்டுப்போயிற்று.

அடுத்த ஞாயிறு போய்ப் பார்த்தால் ஒரு ஜல்லி இல்லை. சுத்தமாகப் பெருக்கி எடுத்திருந்தார்கள். லோடில் மிச்சமிருந்ததை மறுபடி சுமந்தோம். புதன்கிழமை எட்டிப் பார்த்தால் அதிலும் பாதியைக் காணோம்.

"எவனோ என் ஜல்லியில வீடு கட்டுறான்" என்று வீட்டில் கத்தினேன்.

"கல்லுதானே, விடுங்க" என்றாள் வாசுகி, கீரையைப் பரிமாறிக்கொண்டே.

"இன்னிக்கும் கீரையா? மீனைக் கண்ணால பார்த்து ஒரு வாரமாச்சு."

"மீன்காரர் வரலைங்க."

இருந்த கோபத்தில் மீன்காரரையும் சேர்த்துத் திட்டினேன்.

சனிக்கிழமை விடியும்போதே கிளம்பிவிட்டேன். தினமும் அந்த நேரத்துக்குக் கோயிலுக்குப் போகிற வாசுகி அன்று வாசலிலேயே நின்றாள். "இன்னிக்குப் போகாதீங்களேன்" என்றாள். நான் எங்கே காதில் வாங்கினேன்?

பிடித்தேன், கையும் களவுமாக. எங்கள் மில்லில் காலர் தைக்கிற கண்ணம்மாக்கா. கையில் துடைப்பம், பக்கத்தில் சாக்கு, சாக்கு நிறைய என் ஜல்லி.

"நீங்களாக்கா?"

அவருக்கு வீட்டில் கிரெயோல் மொழிதான், தமிழ் எண்ணி எண்ணித்தான் வரும்; 'சார்' என்பதுகூட 'மிஸ்யே'தான். "நான்தான், மிஸ்யே. எங்க முற்றம்... ரொம்ப சேறு. அதுக்கு எடுத்தேன்."

"உங்க முற்றத்துச் சேத்துக்கு எங்க முதுகுதான் கிடைச்சுதா? இங்க ஒருத்தன் விழுந்து எலும்பு உடைஞ்சா யார் பதில் சொல்றது?"

குனிந்து சாக்கின் வாயைக் கட்டினார்.

"திங்கட்கிழமை மேனேஜர்கிட்ட சொல்றேன். திருட்டுக் கை மில்லுக்கு எதுக்கு?"

"சொல்லுங்க, மிஸ்யே" என்றார். அவ்வளவுதான்.

சாட்சிக்கு இருக்கட்டும் என்று துடைப்பத்தைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

"ஆள் மாட்டியாச்சு. கண்ணம்மா! திங்கட்கிழமை வேலை போகுதா இல்லையா பாரு."

வாசுகியின் முகம் வெளுத்துவிட்டது.

செருப்புச் சேற்றை வீடெல்லாம் இழுத்து வந்திருந்தேன். பெருக்கலாம் என்று கதவு மூலைக்குப் போனால், அங்கே ஒன்றும் இல்லை.

"நம்ம துடைப்பம் எங்கே?"

"உங்க கையிலதான் இருக்கு."

பார்த்தேன். கைப்பிடியில் சிவப்பு நூல். மில்லிலிருந்து கொண்டுவந்து நானே சுற்றிய நூல்.

"தினமும் போய் அள்ளினது நான்தாங்க. அக்கா துணைக்கு வந்தாங்க. ஒரு கல்லும் வீணாகலை, மூட்டை கட்டி அவங்க வீட்டுல வச்சிருக்கோம். தைப்பூசம் முடிஞ்சதும் நாங்களே திரும்பக் கொட்டிடலாம்னு இருந்தோம்."

"பூசத்துக்கும் ஜல்லிக்கும் என்ன?"

"ஆத்தங்கரையிலேர்ந்து காவடி கோயிலுக்கு வர்றது அந்த வழிதான். அத்தனை பேரும் வெறுங்கால்."

கீ எதற்கு இழுத்தார் என்று அப்போதுதான் மண்டையில் உறைத்தது.

"இதை என்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"சொன்னா என் விரதமும் தெரிஞ்சுபோகும். வெறுங்கால்ல நடந்தா வலிக்கும், வேண்டாம்னு தடுப்பீங்க. யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு அக்காகிட்ட சத்தியம் வாங்கியிருந்தேன்." துடைப்பத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "அந்த வளைவுல விழுந்து உயிரோட எந்திரிச்சு வந்தீங்களே. அதுக்குத்தான் பால்குடம்."

வெட்கம் பிடுங்கித் தின்றது. வந்த வேகத்திலேயே கண்ணம்மாக்கா வீட்டுக்கு ஓடினேன்.

முற்றத்தில் சாக்கு மூட்டைகள் வரிசையாக இருந்தன. சேறு மட்டும் இல்லை. வாசல்வரை சிமெண்ட் போட்டிருந்தார்கள்.

மறுநாள் காலை எங்கள் சைக்கிள் கூட்டாளி ஜான்-பியேர் வளைவுக்கு மண்வெட்டியோடு வந்தார்.

"திருடன் கிடைச்சானா?"

"கிடைச்சான். பூசம் முடியறவரை எல்லாரும் இந்த இடத்துல இறங்கி சைக்கிளைத் தள்ளிக்கிட்டுப் போகணுமாம். அவன் உத்தரவு" என்றேன், மிச்ச ஜல்லியைப் பெருக்கிக் கண்ணம்மாக்கா விரித்துப் பிடித்த சாக்கில் தள்ளிக்கொண்டே.