அளவு மாறவில்லை

"மேடம், சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. இந்த பேண்டை இனிமே பிரிச்சு விடறதுக்கு உள்ள துணியே இல்ல."

தையல்காரம்மா டேப்பை மாலையாகக் கழுத்தில் போட்டுக்கொண்டு நிமிர்ந்தாள். எதிரே நின்றவளுக்கு அவள் மனசுக்குள் வைத்திருந்த பெயர் 'அவசரம்'. வாடிக்கையாக வருகிற ஒவ்வொருவருக்கும் அப்படி ஒரு பெயர் உண்டு. இவள் இந்தக் கடைக்கு வர ஆரம்பித்து மூன்று மாதம்தான் ஆகிறது. அதற்குள் இது நாலாவது தடவை. ஒவ்வொரு தடவையும் அதே பேண்ட், அதே புகார்.

"உரசுது அக்கா. உட்கார முடியல. நான்தான் பெருத்துட்டேன் போல."

"டேப் பொய் சொல்லாது. உங்க இடுப்பு அன்னிக்கும் முப்பத்தாறு, இன்னிக்கும் முப்பத்தாறு. நான் பிரிச்சு விட்டதுல இதுக்குள்ள இன்னொரு ஆளே குடித்தனம் பண்ணலாம்." குரலைத் தாழ்த்தினாள். "கோளாறு துணியில இல்ல மேடம். எரியுதா?"

அவசரம் சட்டென்று வாசலைப் பார்த்தாள். யாரும் இல்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

"அடிக்கடி பாத்ரூம் போகணும்னு தோணுமே?"

"அரை மணிக்கு ஒரு தடவை."

"மாதவிலக்கு நின்னு எத்தனை நாளாச்சு?"

"மூணு வருஷம்."

"வீட்டுக்காரர்?"

அவசரம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, ஏற்கெனவே சுத்தமாக இருந்ததைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"பக்கத்துல வந்தாலே வலி. அதைச் சொல்ல வாய் வரல. உங்க குறட்டை தாங்கலன்னு சாக்கு சொல்லி அடுத்த ரூமுக்குப் போயிட்டேன். பாவம் மனுஷன், நான் ஏதோ கோவத்துல இருக்கேன்னு நினைச்சுக்கிட்டு தினம் ஒரு தப்பைத் தேடிக் கண்டுபிடிச்சு மன்னிப்புக் கேட்கிறார். நேத்து, பொண்ணு பார்க்க வந்தப்ப லேட்டா வந்ததுக்காக!"

தையல்காரம்மாவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. அவசரமும் சிரித்தாள். சிரித்து முடிப்பதற்குள் கண் கலங்கிவிட்டது.

"இப்படியே போனா அவர் மன்னிப்புக் கேட்கிறதையும் நிறுத்திடுவாரோன்னு இருக்கு அக்கா."

"இதுக்குத்தான் மருந்து இருக்கே! மாதவிலக்கு நின்னா அந்த இடம் வறண்டு போயிடும். அதுக்கு உள்ள வைக்கிற ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் க்ரீம். ரெண்டு வருஷமா நான் போடறேன். அதுக்கு முன்னாடி இந்த மெஷின் எதிர்ல பத்து நிமிஷம் உட்கார முடியாது எனக்கு."

"வாங்கி வச்சிருக்கேன். ரெண்டு மாசமா அலமாரியில தூங்குது. டப்பாக்குள்ள ஒரு தாள் மடிச்சு வச்சிருக்காங்களே, அதைப் படிச்சதோட சரி, டியூபைத் தொடல. புற்றுநோய், மாரடைப்பு, பக்கவாதம்னு வரிசையா... எங்க சித்தி மார்பகப் புற்றுநோய்ல போனவங்க. கூடவே இருந்து பார்த்தது நான்."

தையல்காரம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு அவளை உட்கார வைத்தாள்.

"அந்தத் தாளைக் கையில வச்சுக்கிட்டு நானும் அழுதவதான். எங்க அக்காவுக்கும் அதே நோய். டாக்டர்கிட்ட போனேன். 'நோய் வந்தது அக்காவுக்கா, உங்களுக்கா? உங்களுக்கு வந்திருந்தா, புற்றுநோய் டாக்டரைக் கேட்காம எழுதவே மாட்டேன். மாதவிலக்கு நின்ன பிறகு ரத்தம் பட்டிருந்தாலும், அது என்னன்னு பார்க்காம தர மாட்டேன்'னாங்க. ரெண்டும் இல்லன்னேன். 'அப்ப கேளுங்க. அந்தப் பயமெல்லாம் பெரும்பாலும் வாயில போடற ஹார்மோன் மாத்திரையால வந்தது. அது உடம்பு பூரா சுத்தும். இது கொஞ்சூண்டு. வச்ச இடத்துலதான் வேலை. ரத்தத்துல சேர்றது ரொம்பக் கம்மி. வருஷக்கணக்கா போட்டவங்களைப் பார்த்ததுலயும் புற்றுநோய் கூடினதாத் தெரியல'ன்னாங்க."

"தெரியும் அக்கா."

"'பூந்தொட்டிக்கு ஒரு குவளை தண்ணி ஊத்தினா ஏரி ரொம்பிடுமா?'ன்னும் கேட்டாங்க."

"உவமைக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல!" என்றாள் அவசரம். "அந்தம்மாவுக்கென்ன, சொல்லிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டிருப்பாங்க. வீட்டுக்கு வந்து பயப்படறது நாமதானே?"

தையல்காரம்மா உதட்டில் கவ்வப்போன குண்டூசியைக் கீழே வைத்தாள். சிரிப்பில் விழுங்கித் தொலைத்துவிட்டால்?

"கூப்பிடலையே! 'வீட்டுக்காரர்கிட்ட சொன்னீங்களா? சொல்லலன்னா அவர் வேற என்னமோ நினைச்சுக்குவார்'னு சொன்னாங்க. அன்னிக்கே போய்ச் சொல்லிட்டேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"'இவ்வளவுதானா? சமையலைக் குறை சொன்னதுக்குத்தான் தள்ளி வச்சிருக்கேன்னு இல்ல நினைச்சேன்'னார். அதுக்கு முன்னாடி ரெண்டு மாசம் குறையே சொல்லாம சாப்பிட்டவர் அவர். மருந்து கேட்க ஆரம்பிச்சுதோ இல்லையோ, மறுபடி உப்பு இல்ல, புளிப்பு இல்லன்னு ஆரம்பிச்சுட்டார்!"

இந்தத் தடவை அவசரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வழக்கமாக நிமிஷத்துக்கு ஒரு தடவை கடிகாரம் பார்க்கிறவள், இன்று மறந்தே போனாள்.

"நீங்க சொன்னதுல எனக்குத் தெரியாதது ஒண்ணுமே இல்ல அக்கா. ஆனா தனக்குன்னு வரும்போது, எதிர்ல உட்கார்ந்து இன்னொருத்தர் சொல்ல வேண்டியிருக்கு. சரி, இன்னிக்கு அவர்கிட்ட பேசிடறேன். மருந்தையும் ஆரம்பிச்சுடறேன்." எழுந்து கைப்பையை மாட்டிக்கொண்டாள். "அந்த டாக்டர் யாரு? ஒரு தடவை அவங்ககிட்ட காட்டிட்டே ஆரம்பிக்கிறேன்."

"அவங்ககிட்ட நீங்க காட்ட முடியாது மேடம்."

"ஏன், டோக்கன் கிடைக்காதா?"

"டோக்கன் கிடைக்கும். மேஜைக்கு ரெண்டு பக்கமும் உட்கார்றதுக்குத்தான் ரெண்டு ஆள் வேணும்." தையல்காரம்மா எதிர்க் கட்டடத்தின் மாடியைக் காட்டினாள். "ஒரு நாளைக்கு நாப்பது பேரைப் பார்க்கிறவங்களுக்கு என் முகம் எங்க ஞாபகம் இருக்கப்போகுது? ரெண்டு வருஷம் முன்னாடி, அதோ அந்த ரூம்ல, மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து இதையெல்லாம் எனக்குச் சொன்னதே நீங்கதான், டாக்டர்!"