பூவாளியின் உபசாரம்

பந்தியில் இலையைக் கையால் மறைத்தாலும் விடாமல் பரிமாறுகிறவர்கள் உண்டல்லவா, அந்தத் தோட்டத்துத் தகரப் பூவாளி அந்த ரகம். புதிதாக வந்த பாலைவனப் பூச்செடிக்குத் தினமும் மூன்று வேளை தண்ணீர் விட்டது.

"போதும்க்கா, வயிறு முட்டிப்போச்சு," என்றது செடி.

"கூச்சப்படாதே. எப்படி வெளுத்துப்போயிருக்கே பாரு," என்று பூவாளி இன்னும் ஊற்றியது.

ஒருநாள் அதன் அடிப்பக்கம் துருப்பிடித்து ஓட்டையாகிவிட, சுவர் ஆணியில் மாட்டிவிட்டார்கள். செடி பட்டினி கிடக்கிறதே என்று அங்கே தொங்கியபடி உருகியது. ஒரே மாதத்தில் தொட்டி கொள்ளாமல் மஞ்சள் பூக்கள்.

"எல்லாம் நான் ஊட்டி வளர்த்த உடம்பு. நாளைக்கு ஓட்டையை அடைக்கிறாங்களாம், வந்துடறேன்," என்றது பூவாளி.

பூக்கள் அத்தனையும் சட்டென்று மூடிக்கொண்டன.

"இந்தக் கூச்சம் மட்டும் இன்னும் போகலை," என்று பூவாளி செல்லமாகக் கடிந்துகொண்டது.