டாங்கிக்கு மேலே கடல் தெரியும்

கேற்றைத் திறந்தபோது, வெள்ளைக்காரன் ஒருவன் துவாயால் ஓட்டோவின் முன்கண்ணாடியை அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஒரு தமிழ்ப் பெடியன் பயணப்பையோடு நின்றான்.

"பாத்தியளே, வெளிநாட்டுக்காரற்றை சுத்தத்தை! வந்து இறங்கின ஓட்டோவைக்கூடத் துடைச்சுத்தான் விடுகினம்" என்று பத்மாவதி கணவனின் காதைக் கடித்தாள்.

நமசிவாயம் பூமாலையோடு ஓடினார். பருத்தித்துறையில் தங்கள் வீட்டின் இரண்டு அறைகளைச் சுற்றுலாப் பயணிகளுக்கென்று திறந்து ஆறு மாதம். நோர்வேயிலிருந்து பதிவு செய்த வின்சன்ற்தான் முதல் விருந்தாளி.

எதிர்வீட்டுப் பஞ்சலிங்கத்தின் விடுதிக்கு இணையத்தில் நாலரை ஸ்டார். இவர்களுக்கு அரை ஸ்டாரும் இல்லை. "முதல் ஆள் குறைச்சுப் போட்டால் பிறகு ஒருத்தரும் வராயினம் அப்பா. வீட்டைப் பூட்டிப்போட்டு என்னோடை வந்து இருங்கோ" என்று மெல்பேணிலிருந்து மகள் கோபிகா முடிவாகச் சொல்லிவிட்டாள். மெல்பேண் குளிரை நினைத்தாலே நமசிவாயத்துக்கு இருமல் வந்தது.

"வெல்கம் சேர்!" மாலை வெள்ளைக்காரனின் கழுத்தில் விழுந்தது. அவன் குனிந்து கும்பிட்டான்.

"அங்கிள், நான்..." என்று பெடியன் வாயைத் திறந்தான்.

"பொறும் தம்பி. பையை உள்ளுக்கு வைச்சிட்டுக் குசினிப் பக்கம் வாரும். நீரும் பசியோடைதானே வந்திருப்பீர்."

சாப்பாட்டு மேசையில் வெள்ளைக்காரனை இருத்தி, 'பயணிகள் கவனத்துக்கு' என்ற தாளை நமசிவாயம் ஆங்கிலத்தில் வாசிக்கத் தொடங்கினார். கோயிலுக்குள் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். பஸ்ஸில் முன் இருக்கை மதகுருமாருக்கு. கிணற்றுத் தண்ணீர் குளிப்பதற்கு, குடிப்பதற்குப் போத்தல். காய்த்த தென்னைக்குக் கீழே நின்று படம் எடுக்கக்கூடாது. சாப்பிடுவதற்கு வலக்கை மட்டும்.

"யெஸ், யெஸ்" என்ற வெள்ளைக்காரன், இரண்டு கைகளாலும் இடியப்பத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

குசினியில் பெடியனுக்குக் கோப்பை நிறைய நண்டுக் கறி. "சேருக்கு உறைப்பில்லாத சொதிதான். நீர் எங்கடை ஆள், வடிவாய்ச் சாப்பிடும்" என்றாள் பத்மாவதி.

தாளை வாசித்து முடித்த நமசிவாயம் மெல்ல உள்ளே வந்தார். "தம்பி, நீர்தானே இனி நாலு நாளும் அவருக்கு வழிகாட்டியாய்த் திரியப்போறீர். ஒரு உதவி செய்யோணும். சுடுதண்ணி கேட்டால் மத்தியானத்திலை குளிக்கச் சொல்லும். வெய்யில் எறிச்சால் டாங்கித் தண்ணி தன்ரை பாட்டிலை சுடும்."

"ஓம் அங்கிள். அறையிலை இருந்து கடல் தெரியும் எண்டு போட்டிருந்துதே?"

"அதை உமக்கும் காட்டிப்போட்டாரோ? டாங்கிக்கு மேலை ஏறினால் தெரியும். ஏணி பின்னாலை கிடக்கு."

"ஏசி?"

"சுவரிலை கிடக்கு. வெளியிலை பூட்டுற பெட்டிதான் இன்னும் வரேல்லை."

"உதொண்டும் அவற்றை காதிலை விழப்படாது, சொல்லிப்போட்டன்!" என்று பத்மாவதி இன்னொரு நண்டை அவன் கோப்பையில் போட்டாள்.

"நான் வாய் திறக்கமாட்டன் அன்ரி." பெடியனின் கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் ஓடியது. உறைப்பாலா, சிரிப்பாலா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

"எப்பிடியாவது அஞ்சு ஸ்டார் போட வையும் ராசா" என்றார் நமசிவாயம். "இல்லாட்டி எங்களை மகள் குளிருக்குள்ளை கொண்டுபோய் வைச்சிடுவாள்."

"இந்த நண்டுக்கே அஞ்சு போடலாம் அங்கிள்."

"நீர் போட்டு என்ன பிரயோசனம்? வின்சன்ற் அல்லோ போடோணும்!"

பெடியன் இடக்கையால் கைத்தொலைபேசியை எடுத்து எதையோ தட்டினான். பிறகு நண்டுக்காலை உறிஞ்சத் தொடங்கினான்.

கொஞ்ச நேரத்தில் நமசிவாயத்தின் தொலைபேசி அலறியது. "அப்பா, அஞ்சு ஸ்டார் விழுந்திட்டுது!" மறுமுனையில் கோபிகா துள்ளினாள். "வின்சன்ற் என்ன எழுதியிருக்கிறார் தெரியுமே? 'டாங்கிக்கு மேலே ஏறினால் கடல் தெரியும். ஆனால் நண்டை விட்டுவிட்டு ஏறாதீர்கள்!'"

நமசிவாயம் தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்தார். டாங்கி விசயம் ஆர் சொன்னது? மேசையை எட்டிப் பார்த்தார். வெள்ளைக்காரனின் பத்து விரல்களும் இன்னும் இடியப்பத்துக்குள்தான் சிக்கியிருந்தன.

மெதுவாகக் குசினிப் பக்கம் திரும்பினார். பெடியன் கோப்பையை வழித்து நக்கிவிட்டு நிமிர்ந்தான்.

"வின்சன்ற் நான்தான் அங்கிள். வாடகைக்கு எடுத்த ஓட்டோவிலை ஊர் சுத்துறவன், வழியிலை என்னையும் ஏத்தி ஓடிக்கொண்டு வந்தது உவன்."